கொண்டக்டரின் காசுப்பைப் பட்டி

இன்று பலாலி வீதி பஸ்ஸில் ஏறியதும் கொண்டக்டர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "அண்ணை, நீங்கள் தைச்ச தோல்பட்டி அறுந்துபோச்சு."

பஸ் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. அவருடைய காசுப் பையின் பட்டியைப் பிடித்துப் பார்த்தேன். பஸ் கம்பியில் உரசி ஒரேயொரு தையல் அறுந்திருந்தது.

"எப்ப அறுந்தது?"

"மாரி தொடங்கேக்கை."

இது பங்குனி. இவ்வளவு நாள் சில்லறைப் பாரம் தாங்கியும் பக்கத்துத் தையல் அசையவில்லை. நகத்தால் இழுத்துக் காட்டினேன்.

"மெசின் தையல் எண்டால் அண்டைக்கே கழண்டிருக்கும். இது மெழுகு நூலிலை ரெண்டு ஊசித் தையல். ஒரு பக்கம் அறுந்தாலும் மற்றப் பக்கம் பிடிச்சிருக்கும்."

"அப்ப திருப்பித் தைக்கத் தேவையில்லையோ?"

"தைக்கலாம், அவசரமில்லை. ஆறுதலா வாரும்."

நான் இறங்குவதற்குள் மூன்று பேர் தங்கள் பைகளின் தையலைத் திருப்பிப் பார்த்துவிட்டார்கள்.

இப்படியான முறைப்பாடு உங்களிடமும் இருந்தால், தயவுசெய்து சனத்துக்கு முன்னால் சொல்லுங்கள்.