அலாரம் யாருக்கு அடிக்க வேண்டும்

டயரில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் ஒரு சின்னக் கருவிக்காக எங்கள் வீட்டில் மாதக்கணக்கில் சண்டை நடந்தது. கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இன்னொரு தடவை அப்படியொரு சண்டை வந்தாலும் நான் பின்வாங்கப் போவதில்லை.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் என் சேமிப்பில் ஒரு பழைய கேம்பர்வேன் வாங்கினேன். அதற்கு முன் வருடக்கணக்காகத் தெற்கு ஓக்லாந்தில் வயோதிபர் பகல் நிலையமொன்றின் வேனை ஓட்டியவள் நான். காலையில் வீடுவீடாகப் போய் மற்றவர்களின் அம்மாக்களை ஏற்றி, பின்னேரம் திரும்பக் கொண்டுபோய் விட்டேன். அந்த நாட்களில் ஒருவரும் என்னைப் பார்த்து, உனக்கு இந்த வயதில் இது தேவையா என்று கேட்கவில்லை. எனக்கென்று ஒரு வேன் வாங்கியதும் எல்லோரும் கேட்டார்கள். இந்த நாட்டுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகியும் நான் கண்டது எங்கள் ஹில்ஸ்பரோ வீடு, மனுகாவ் கடைகள், பாபகூராவில் மகளின் வீடு, இவ்வளவுதான். மிச்சத்தையும் பார்க்க வேண்டும், அதுவும் நானே ஓட்டிப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. என் கணவர் வரமாட்டேன் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். கட்டில் என்றால் அது நாலு காலில் நிற்க வேண்டுமாம், சில்லில் நிற்கக் கூடாதாம். நல்லது, இருக்கட்டும் என்றேன்.

முதல் பயணத்துக்கு மகளும் மருமகனும் துணைக்கு வந்தார்கள். பாபகூராவைத் தாண்டி நெடுஞ்சாலையில் போகும்போது பின்பக்கம் வெடிகுண்டு போல ஒரு சத்தம். வேன் இழுத்தது. நான் பிரேக்கை அழுத்தாமல் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து மெல்ல மெல்ல ஓரத்துக்குக் கொண்டுவந்தேன். என் வேனுக்குப் பின்னால் பக்கத்துக்கு இரண்டு டயர். உள்ளே இருப்பதில் காற்றுப் போனாலும் வெளியே இருப்பது பாரத்தைத் தாங்கிக்கொள்வதால் ஓட்டுபவருக்குத் தெரியாது. காற்றில்லாத அந்த உள் டயர் எவ்வளவு தூரம் சூடாகி அரைபட்டு வந்ததோ, கடைசியில் வெடித்து, மேலே இருந்த அலமாரியின் அடியையும் பிய்த்துவிட்டது. வேனுக்குள் எங்கு பார்த்தாலும் அரிசியும் பருப்பும். ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் மகள் புல்லில் இறங்கி நின்றபோது அவளுடைய கைகள் நடுங்கியதை நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு மகள் ஒரே பிடியாக நின்றாள். வேனை விற்க வேண்டும், அல்லது டயரைக் கண்காணிக்கும் கருவி பூட்ட வேண்டும். அது இல்லாமல் நான் தனியாகப் போகக் கூடாது. கருவி பூட்டுவதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. உள் டயர் சத்தமில்லாமல் செத்துப்போவதை நேரில் கண்டவள் நான்தானே. ஆகவே நானே இறங்கி விசாரித்தேன். டயருக்குள் வைப்பது ஒரு வகை, காற்றடிக்கும் வால்வின் தலையில் மூடியைப் போலத் திருகுவது இன்னொரு வகை. திருகுகிற வகை எனக்குப் போதும், பற்றரி முடிந்தால் நானே மாற்றலாம். மூடி பாரமாக இருப்பதால் ரப்பர் வால்வுகளை எடுத்துவிட்டு உலோக வால்வு போட வேண்டும். வேன் நீளம் என்பதால் பின்னாலிருந்து வரும் சிக்னலை முன்னுக்குத் தள்ளிவிட நடுவில் ஒரு பெட்டியும் வேண்டும். இலக்கங்களைக் காட்ட, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்கிற உள்ளங்கையளவு திரை. இதுதான் நான் தெரிவு செய்தது.

மருமகன் தெரிவு செய்தது வேறு. அவர் கோயம்புத்தூர்ப் பிள்ளை, மனுகாவில் கம்ப்யூட்டர் வேலை. எங்கள் ஆட்கள் மாமி என்று கூப்பிடும் இடத்தில் அவர் அத்தை என்பார், அதையும் நல்ல அன்பாகத்தான் சொல்வார். அவர் கொண்டுவந்த கருவிக்குள் ஒரு சிம் கார்ட் இருந்தது. ஆறு டயர்களின் காற்றும் சூடும், வேன் எங்கே நிற்கிறது என்பதும் எந்த நேரமும் அவர்களுடைய போனுக்குப் போகும்.

"நீங்க எதையும் பாக்கவே வேணாம் அத்தை. ரோட்டைப் பாத்து ஓட்டுங்க, மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கறோம்."

என்னுடைய டயரை நான் பார்க்க வேண்டாமாம். பாபகூராவில் இருந்துகொண்டு அவர்கள் பார்ப்பார்களாம். எனக்குச் சுள்ளென்று ஏறியது. ஆனால் புல்லில் நடுங்கிய அந்தக் கைகள் நினைவுக்கு வந்ததால் வாயை மூடிக்கொண்டு சரி என்றேன். மருமகன் ஒரு சனிக்கிழமை வந்து, நிலத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்து, ஆறு மூடிகளையும் தானே திருகிவிட்டுப் போனார்.

நான் தனியாக முதலில் வெளிக்கிட்டது ராக்லனுக்கு. நல்ல வெயில். மேற்குக் கடலைப் பார்க்கப் போகிற சந்தோஷம், பாம்பே என்று இங்கே பெயர் வைத்திருக்கும் மலையில் ஏறுவதற்குள் முடிந்துவிட்டது. மகள் வேலையிடத்திலிருந்து போன் எடுத்தாள். வலப்பக்க டயரில் அளவு ஏறுகிறதாம். ஓரமாக நிறுத்திக் கதைத்தேன். ஓடினால் டயர் சூடாகும், சூடானால் காற்று ஏறும், அது வழமை என்று சொன்னேன். கொஞ்சத் தூரம் போனதும் மறுபடி எடுத்தாள். ஹமில்டனைக் கடந்ததும் மறுபடி. மருமகன் அபாய எல்லையை வழமையான அளவுக்கு மேல் கொஞ்சம்கூட இடைவெளி விடாமல் வைத்திருந்தார், ஆகவே அவர்களுடைய போனில் எல்லாமே சிவப்பு. கடைசித் தடவை அவள் அழும் குரலில் பேசினாள்.

"அம்மா, பிளீஸ், நிப்பாட்டுங்கோ. அது திரும்ப வெடிக்கப் போகுது. கொஞ்சம் காத்தைத் திறந்து விடுங்கோ."

சூடான டயரில் காற்றைத் திறந்துவிடக் கூடாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பகல் நிலையத்து வேனில் வேலைக்குப் புதிதாக வந்த டிரைவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்த பாடம் அது. தெரிந்தும், அந்தக் குரலுக்காக, ஒரு பால் பண்ணையின் வேலியோரம் முழந்தாளில் நின்று ஆறு டயரிலும் காற்றைத் திறந்துவிட்டேன். அவளுடைய போனில் சிவப்பு மறைந்தது. "தேங்க்ஸ் அம்மா" என்றாள்.

அன்றிரவு ராக்லனில் வேனுக்குள்ளேயே படுத்தேன். விடிந்ததும் டயர்கள் குளிர்ந்து, ஆறும் இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே போய்விட்டன. எந்தக் குறைந்த காற்றால் போன முறை டயர் வெடித்ததோ, அதே குறைவை என் கையாலேயே செய்து வைத்திருந்தேன். இப்போது அலாரம் மகளுக்கு மட்டும் போகவில்லை. மருமகன் ஒரு நல்லெண்ணத்தில் அதை எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவோடு இணைத்துவிட்டிருந்தார். நான் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் லண்டனில் இருக்கும் மச்சான், என் கணவரைக் கூப்பிட்டு மனுசியைத் தனியே விட்டதற்கு ஏசியிருக்கிறார். டொரன்டோவில் இருக்கும் தங்கச்சி, அக்காவின் இடப்பக்கப் பின் டயருக்காகப் பிள்ளையார் கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்லிவிட்டாள். எந்த நட்சத்திரத்துக்கு அர்ச்சனை செய்தார்களோ, நான் கேட்கவில்லை.

எல்லோரும் சிரிக்கிற இடம் இதுதான். நானும் பிறகு சிரித்தேன். ஆனால் அன்று காலை எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வேனில் இருந்த சின்னப் பம்பால் ஒவ்வொரு டயருக்கும் காற்று ஏற்றினேன். ஏற்றி முடித்ததும் ஆறு மூடிகளையும் கழற்றி ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டுக்கொண்டு, கடலைக்கூட ஒழுங்காகப் பார்க்காமல் நேரே பாபகூராவுக்கு ஓட்டினேன். போகும் வழியில் போன் ஓயாமல் அடித்தது. சிக்னல் செத்ததும் அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று தெரியும். தெரிந்துதான் எடுக்காமல் விட்டேன்.

மகள் வாசலில் நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது. டப்பாவை அவள் கையில் கொடுத்தேன். அவள் ஆங்கிலத்தில் கத்தினாள், நான் தமிழில் கத்தினேன். மருமகன் நடுவில் புகுந்து, அத்தை, இது உங்கள் பாதுகாப்புக்குத்தானே என்றார்.

எனக்கு அந்தச் சொல்லில்தான் எல்லாம் உடைந்தது. என் இளமை முழுக்கப் பாதுகாப்புக்குத்தான் என்று சொல்லியே என்னை நிறுத்தி வைத்தார்கள். அது யுத்த காலம். ஊரை விட்டு வெளிக்கிட ஒரு பக்கம் இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும், நான் திரும்பி வருவேன் என்று ஒருவர் பிணை நிற்க வேண்டும். கொழும்புக்கு வந்தால் மற்றப் பக்கம், எந்த வீட்டில் எந்த அறையில் படுக்கிறேன் என்று பொலிசில் பதிய வேண்டும். சோதனைச் சாவடியில் கேட்பார்கள், எங்கே போகிறாய், ஏன் போகிறாய், எப்போது வருவாய். மகள் அப்போது கைக்குழந்தை. அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு எத்தனை பேருக்குப் பதில் சொன்னேன் என்பது அவளுக்குத் தெரியாது, நான் சொன்னதும் இல்லை. அன்றுதான் சொன்னேன்.

"நான் எங்க நிக்கிறன் எண்டு ஆருக்கும் கணக்குக் குடுக்கத் தேவையில்லாத ஒரு நாட்டுக்குத்தான் உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தனான். இப்ப நீயே எனக்கு சென்ட்ரியிலை நிக்கிறாய்."

அவள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். மெல்லக் கேட்டாள். "அப்ப உங்களுக்கு ஒண்டு நடந்தா எனக்கு எப்பிடித் தெரியும்?"

அது நியாயமான கேள்வி. ஆனால் அதற்காக என் முடிவை நான் மாற்றவில்லை. அந்த வாரமே உள்ளங்கையளவு திரை உள்ள கருவியை வாங்கினேன். உலோக வால்வு போட்டுக்கொண்டு, அதிகாலையில் வெயில் படுமுன் டயர்கள் குளிர்ந்திருக்கும்போது அளவுகளை நானே பதிந்தேன். மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் நானே வைத்தேன். அது யாருக்கும் செய்தி அனுப்பாது. வேனுக்குள் இருப்பவருக்கு மட்டும் கேட்கும்படி கீச்சென்று கத்தும். வேனுக்குள் இருப்பது நான்.

கோரமண்டலுக்கு வெளிக்கிட்டேன். பெயரைப் பாருங்கள், சோழமண்டலக் கரையின் பெயரைக் கொண்ட ஒரு கப்பல் வந்து போனதால் ஒட்டிக்கொண்ட பெயராம். அங்கே போக நான் யாரிடம் அனுமதி கேட்பது? கணவர் வாசலுக்கு வந்து தேநீர்ப் போத்தலை நீட்டிவிட்டு, கவனம் என்று மட்டும் சொன்னார். மகளுக்கு வெளிக்கிடுகிறேன் என்று செய்தி போட்டேன். எங்கே என்று எழுதவில்லை.

தேம்ஸ் நகரைத் தாண்டிக் கடலோரமாக வளைந்து வளைந்து போகிற பாதையில் அது கத்தியது. இடப்பக்கம், பின், உள் டயர். இலக்கம் என் கண் முன்னால் இறங்கிக்கொண்டிருந்தது. கையில் இருப்பது கொஞ்ச நேரம்தான் என்று தெரிந்தது, அந்தக் கொஞ்ச நேரம் போதும் என்பதும் தெரிந்தது. வேகத்தைக் குறைத்து, அடுத்த ஒதுக்கிடத்தில் ஒரு பொகுதுகாவா மரத்தடியில் நிறுத்தினேன். உதவி வண்டிக்குப் போன் செய்தேன். குனிந்து பார்த்தேன், டயர் சப்பையாகியிருந்ததே தவிர கிழியவில்லை, அலமாரியில் அரிசிப் போத்தல் அசையவில்லை. எனக்கு அழுகை வந்தது. பயத்தில் வந்த அழுகை இல்லை அது.

காத்திருந்த நேரத்தில் போனில் மகளின் பெயரில் இரண்டு தடவை விரலை வைத்தேன். இரண்டு தடவையும் அழைக்காமல் விரலை விலக்கிவிட்டேன். உதவி வண்டிக்காரர் வந்து மேலதிகச் சில்லைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் போன பிறகும் நான் அங்கேயே இருந்து கடலைப் பார்த்தேன். ராக்லனில் பார்க்காமல் விட்டதற்கும் சேர்த்துப் பார்த்தேன்.

பொழுது சாய்கிற நேரம் மகள் போன் எடுத்தாள். எங்கே நிற்கிறேன் என்று கேட்க வந்து, பாதியில் நிறுத்திக்கொண்டு, நல்லா இருக்கிறீங்களா என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அவள் எவ்வளவு கஷ்டப்பட்டு மாற்றினாள் என்பது எனக்குக் கேட்டது.

"உள் டயர் ஒண்டிலை காத்துப் போச்சு," என்றேன். "அலாரம் அடிச்சது. நிப்பாட்டினன். மாத்தியாச்சு."

அவள் கத்தப் போகிறாள் என்று நான் போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்தேன். அவள் கத்தவில்லை.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை, அம்மா?"

"இப்ப சொல்லுறன்தானே, பிள்ளை."