ஜெயபாலன் கிராணியின் ஏழாவது விதி

ஜெயபாலன் என் அக்காள் கணவர். சுங்காய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் வெளிக்காட்டுக் கிராணியாக, அதாவது வெளிவேலைக் கணக்கராக, பட்டை சீவிப் பால் எடுக்க மரம் வெட்டுகிறவர்களை மேய்த்தவர். வாய் நீளம், மனசு இளகினது. இரண்டாவதை யாருக்கும் தெரியவிடமாட்டார்.

மாதம் ஒருமுறை ஒவ்வொருவருக்கும் ஒதுக்கிய மர வரிசையில், அந்த நிரையில், பத்து மரங்களைச் சோதிப்பார். கத்தி ஆழமாய்ப் போய்ப் பட்டையில் காயம் பட்டிருந்தால் எத்தனை என்று எழுத வேண்டும். வெட்டுக்காரி செல்லாயிக்குக் கண்ணில் படலம் விழத் தொடங்கியபின் அவள் வெட்டிய மரங்களில் காயத்துக்குப் பஞ்சமே இல்லை. மச்சான் ஐந்தைப் பார்த்துவிட்டு இரண்டு என்று எழுதுவார். மேடு பள்ளமில்லாத நிரையாகப் பார்த்து அவளுக்கு ஒதுக்குவார். புருஷன் இல்லாதவள்; வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போய்விடும்.

1986இல் ஈப்போ தலைமை ஆபீசிலிருந்து இராமசாமி என்றொரு இளைஞர் வந்தார். விளைச்சல் கணக்கைப் பார்த்துத் துரைமாருக்கு யோசனை சொல்லும் கம்ப்யூட்டர் ஒன்று அங்கே ஏற்கெனவே இருந்தது. இனி அனுபவசாலிகளின் மூளையையும் அதற்குள் ஏற்றப் போகிறார்களாம். வெட்டுகிறவர்கள் பாலை அளந்து ஊற்றும் பால் ஸ்டோரிலேயே உட்கார்ந்து நோட்டைத் திறந்தார்.

"நீங்க எப்படி முடிவு எடுப்பீங்கன்னு அப்படியே சொல்லுங்கண்ணே."

இத்தனை வருஷத்தில் மச்சானிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவருக்குத் தலைகால் புரியாத பெருமை.

"மூணு காயத்துக்கு மேல போனா எச்சரிக்கை. அடுத்த மாசமும் போனா கத்திய வாங்கிடுவேன், வேலை இல்ல."

"விதிவிலக்கு ஏதும் இருக்கா?"

"கெடையாதுலா! நம்மகிட்ட அதெல்லாம் நடக்காது." இராமசாமி அதை ஏழாவது விதி என்று எண் போட்டு எழுதிக்கொண்டார்.

கண் மங்கினால் நிரையை மாற்றிக் கொடுப்பதும் அனுபவம்தான். அதைச் சொல்லியிருக்கலாம். கண்டிப்பான ஆள் என்று பேரெடுக்கும் ஆசை விடவில்லை.

அடுத்த வருஷம் சோதனைக்கு ஆயர் தாவார் தோட்டத்திலிருந்து வேறொரு கிராணியை அனுப்பினார்கள். அவர் எழுதிய எண்கள் நேரே ஈப்போவுக்குப் போயின. இரண்டே மாதத்தில் நிறுத்த வேண்டியவர்களின் பட்டியல் வந்தது. செல்லாயி பெயருக்கு நேரே காரணமும் அச்சாகியிருந்தது: ஏழாவது விதி, சொன்னவர் ஜெயபாலன்.

துரை அவரைக் கூப்பிட்டார். கம்ப்யூட்டர் யோசனைதான் சொல்லும், முடிவு நம்முடையது, இதில் தவறு இருந்தால் இப்போதே சொல் என்றார். தவறு என்றால் இத்தனை நாள் பொய் எழுதியது வெளியே வரும். ஓய்வுக்கு ஒரு வருஷம்தான் பாக்கி. "சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தார் மச்சான். செல்லாயிக்கு வேலையும் போனது, லயத்து வீடும் போனது.

அதன்பின் அவர் நன்றாகத் தூங்கியதில்லை. என் அக்காளிடம்கூடக் காரணம் சொல்லவில்லை.

1989இல் ஈப்போவில் மீரா சாஹிப் கடைக்கு நானும் அவரும் சாப்பிடப் போனோம். பின்பக்கம் செல்லாயி எச்சில் தட்டும் மங்குக் கிண்ணமும் கழுவிக்கொண்டிருந்தாள். மச்சான் கை கழுவப் போனவர் அவள் எதிரே நின்றுவிட்டார்.

"செல்லாயி, அந்த விதி நான் சொன்னது. துரை கேட்டப்பவும் சரின்னு சொல்லிட்டேன். பாவி நான்."

அவள் குரலை வைத்துத்தான் ஆளை அடையாளம் கண்டாள்.

"விதி சொன்னது தெரியும் ஐயா. அன்னிக்கு ஸ்டோர்ல நான் பால் ஊத்திக்கிட்டுத்தானே இருந்தேன்" என்றாள். ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள். "ஆனா துரைகிட்ட எனக்காகச் சண்ட போட்டிருப்பீங்கன்னுல்ல நெனச்சேன். இங்க எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன்."