ராயம்மாள் சுற்றிக் காட்டிய வீடு

விற்கப்போகிற வீட்டில் யாராவது கேசரி கிண்டி வைப்பார்களா? கம்பைநல்லூரில் அந்த வீட்டு வாசற்படி ஏறியதும் நெய்யும் முந்திரியும் மணத்தபோது கேத்தரின் அப்படியே நின்றுவிட்டாள். வீடு பார்க்கப் போன இடங்களில் அவளுக்கு அதுவரை கிடைத்ததெல்லாம் அதிகம் போனால் ஒரு சொம்பு தண்ணீர். அதுவும் அவளே கேட்டு வாங்கியது.

கேட்டு வாங்கக் காரணம் உண்டு. கேத்தரின் கடத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடுதான். ஆணி அடிக்காதே, அடுத்தவரைத் தங்க வைக்காதே, தண்ணீரை வீணாக்காதே என்று வீட்டுக்காரர்கள் சொன்னதையெல்லாம் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனவள். இப்படி மாறி மாறிக் குடியிருந்ததில் ஒரு வீட்டை எடை போடும் வித்தை அவளுக்குக் கைவந்துவிட்டது. சொந்தபந்தத்தில் யார் பழைய வீடு வாங்கினாலும் முதலில் கேத்தரினைத்தான் கூட்டிப் போவார்கள்.

போன இடத்தில் சுவரில் காலண்டர் தொங்கினால் அதைத் தூக்கிப் பார்ப்பாள். விரிசல் விட்ட இடத்தில்தான் மாதா படம் போட்ட காலண்டர் தொங்கும் என்பது அவள் கட்சி. குளியலறையில் தண்ணீர் ஊற்றி அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பாள். போர் தண்ணீரை வாயில் வைத்துப் பார்ப்பாள். அதோடும் விடமாட்டாள். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களிடம் எதையாவது பேசிச் சிரிக்க வைத்துப் பல்லைப் பார்ப்பாள். இந்தப் பக்கத்துத் தண்ணீர் பல்லில் காவி ஏற்றுகிற தண்ணீர். வாய் பொய் சொல்லும், பல் சொல்லாது என்பாள். அவளை ஏமாற்றி ஒரு வீட்டை விற்க முடியாது என்று பேர் இருந்தது. அந்தப் பேரில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. இருக்கட்டுமே, வேறு எதில்தான் அவளைக் கர்வப்பட விட்டார்கள்.

ஊருக்கெல்லாம் வீடு பார்த்துக் கொடுத்தவளுக்குத் தனக்கென்று ஒன்று பார்க்க இப்போதுதான் வேளை வந்தது. குடியிருக்கிற வீடு தன் மகனுக்கு வேண்டும், பொங்கலுக்குள் காலி செய்யுங்கள் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். இனி இன்னொரு வாடகை வீட்டுக்குச் சாமான் தூக்க மாட்டேன் என்று கேத்தரினும் தன் கணவர் சூசையிடம் சொல்லிவிட்டாள். சூசை பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். வீட்டு விஷயத்தில் மனைவி போட்ட கோட்டைத் தாண்டாதவர்.

இந்த வீட்டைச் சொன்னவர் தரகர் சவரி. சுற்றுவட்டாரக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு வரன் பார்த்துக் கல்யாணம் முடிப்பதும் அவர்தான், வீடு நிலம் முடிப்பதும் அவர்தான். பொண்ணோ மண்ணோ, அவருக்கு எல்லாம் ஒரே கமிஷன். வீடு ராயம்மாள் என்ற அம்மாவுடையது, கணவர் இல்லை, ஒரே மகன் ஜேக்கப் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான், அங்கே ஒரு ஃபிளாட் வாங்கி அம்மாவையும் கூட்டிப் போகப்போகிறான் என்று வேனில் வரும்போது சொன்னார். இறங்கும்போது இன்னொன்றும் சொன்னார்.

"அந்தம்மாகிட்ட வெல மட்டும் பேசாதீங்க. பிரஷர் இருக்குதுங்க. பேச்செல்லாம் பையன்கிட்ட வெச்சுக்கலாம்."

கேத்தரினுக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

ராயம்மாளுக்கு வயது அறுபதை ஒட்டியிருக்கும். மடிப்புக் கலையாத பட்டுப் புடவையில் வாசலுக்கே வந்து கைகூப்பி அழைத்தாள். உள்ளே தட்டில் பூவும் வாழைப்பழமும் தயாராக இருந்தன. கேத்தரினுக்குத் தலையில் பூவைத் தானே வைத்துவிட்டாள். வெறுங்கையோடு வந்துவிட்டோமே என்று கேத்தரினுக்கு வெட்கமாகிவிட்டது. காப்பி குடித்துவிட்டு, சூசையும் சவரியும் ஓசூரிலிருந்து வந்திருந்த ஜேக்கப்பும் எல்லைக் கல்லையும் செப்டிக் டேங்கையும் பார்க்கக் கொல்லைப்பக்கம் போனார்கள். ஜேக்கப் மட்டும் அம்மாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். "நீங்க வாங்க, நான் காட்டறேன்" என்று கேத்தரினின் கையைப் பிடித்துக்கொண்டாள் ராயம்மாள்.

கேத்தரின் ஹால் சுவரில் தொங்கிய காலண்டர் பக்கம் பார்வையைத் திருப்பினாள். கையை நீட்டுவதற்குள் ராயம்மாளே அதைத் தூக்கிக் காட்டினாள்.

"இங்க ஒரு விரிசல் இருந்துச்சுங்க. கொத்திப் பூசியாச்சு. நாளைக்குத் தெரிஞ்சு உங்களுக்கு மனசு சங்கடப்படக் கூடாது பாருங்க."

கேத்தரின் எத்தனை வீடு பார்த்திருக்கிறாள், விரிசலைத் தானே கூப்பிட்டுக் காட்டிய வீட்டுக்காரரை அவள் கண்டதில்லை. மழைக்கு ஒழுகிய இடத்தையும், தளம் போட்டுச் சரிசெய்ததையும் ராயம்மாள் மறைக்கவில்லை. சமையலறையில் காலை வெயில் மேடை மேல் விழுந்துகொண்டிருந்தது. கேத்தரின் தண்ணீரைக் குடித்துப் பார்த்தாள். உப்பும் இல்லை, துவர்ப்பும் இல்லை. ஜேக்கப்பின் பல்லைத்தான் பார்க்க முடியவில்லை. வந்ததிலிருந்து அவன் ஒரு முறைகூடச் சிரிக்கவில்லை. அதை அவள் கவனிக்கத்தான் செய்தாள். தண்ணீருக்காகக் கவனித்தாள், மனுஷனுக்காகக் கவனிக்கவில்லை.

கிரைண்டர் இந்த மூலையில், அரிசி டிரம் அந்த மூலையில் என்று மனசுக்குள் குடியேறிவிட்டாள் கேத்தரின். இதை விட்டுவிடக் கூடாது என்ற பதற்றத்தில் சவரி சொன்னது மறந்துபோனது. உங்கள் பக்கம் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று மெல்லக் கேட்டுவிட்டாள்.

"எங்களுக்கு ஒண்ணும் வேணாங்க. உங்க மனசுக்குப் புடிச்சாப் போதும்."

கேத்தரினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். கேத்தரினோ தானமாக வந்தால்தான் பல்லை இன்னும் நன்றாகப் பார்க்கிறவள். இதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது, கோர்ட்டில் கேஸ் இருக்கிறது, இல்லையென்றால் பங்காளி எவனாவது கிளம்பி வருவான் என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்தது. அவள் போட்ட கணக்கு ஒன்றிலும் உண்மை இல்லை.

ராயம்மாள் கடைசியாக ஓர் அறையைத் திறந்தாள். புதுப் பெயிண்ட் வாசனை போகாத அறை. புதுக் கட்டில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத மெத்தை, கண்ணாடி வைத்த பீரோ. ஓரத்தில் புதிதாகக் கட்டிய பாத்ரூம்.

"இது பொண்ணுக்குங்க. ரெண்டு பேரும் இங்க இருக்கட்டும். நான் ஹால்லயே படுத்துக்குவேன். ராத்திரியில எனக்கு இருமல் வரும், அவங்களுக்குத் தொந்தரவா இருக்கக் கூடாது பாருங்க சம்மந்தியம்மா." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். முடிவாவதற்குள் முந்திரிக்கொட்டை மாதிரி சொல்லிவிட்டதாகவும் தப்பாக நினைக்கக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டாள்.

"எந்தப் பொண்ணுக்குங்க?" என்றாள் கேத்தரின்.

"உங்க பொண்ணுக்குத்தாங்க."

கேத்தரினுக்குப் பெண்ணே கிடையாது. ஒரே மகன், கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருக்கிறான். காதில் விழுந்தது மூளைக்குப் போய்ச் சேராமல் நின்றாள். ராயம்மாள் அதைக் கவனிக்கவில்லை. அவள் சந்தோஷம் அவளை நிறுத்தவிடவில்லை. பார்த்த இடமெல்லாம் தட்டிப்போனதையும், முப்பத்தைந்து தாண்டிய மகனைப் பார்த்து ஊர் ஆளுக்கொன்று பேசியதையும், இந்த இடம் வந்திருக்கிறது என்று ஜேக்கப் சொன்ன நாளிலிருந்து தூக்கமே இல்லாமல் போனதையும் சொல்லிக்கொண்டே போனாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"வூட்டப் பையன் பேருக்கு மாத்தினாத்தான் மேக்கொண்டு பேசுவோம்னு சொன்னீங்களாமே. தப்பில்லைங்க. பொண்ணப் பெத்தவங்க நாலையும் யோசிக்கத்தான் செய்வாங்க. வர்ற வெள்ளிக்கெழம போயி எழுதிக் குடுத்துடறேன். ஜேக்கப்பு எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டான்."

கேத்தரின் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பெண் கொடுப்பதற்கு முன்னால் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வருவது எங்கும் உள்ள வழக்கம். கூட்டி வந்த சவரியோ கல்யாணம் முடிக்கிறவர். ராயம்மாள் சந்தேகப்பட அதில் ஓர் இண்டு இடுக்குகூட இல்லை. வெள்ளிக்கிழமை அவள் எழுதிக் கொடுப்பாள். அடுத்த வாரம் ஜேக்கப் அதை விற்பான். வாங்குகிறவள் கேத்தரின். பெற்றவளிடம் இப்படியும் ஒருவன் விளையாடுவானா? அவனுக்குக் கூட்டு நிற்க ஒரு தரகரா?

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். பேசாமல் இருந்துவிட்டால் இந்தச் சமையலறை நமக்குத்தான் என்றும் அவளுக்குத் தோன்றியது. தன் காதில் விழவே இல்லை என்று இருந்துவிடலாம், எழுதிக் கொடுப்பதும் வாங்குவதும் தாய் பாடு, பிள்ளை பாடு. பொங்கலுக்குள் காலி செய்ய வேண்டிய ஒருத்திக்கு இந்த நினைப்பு வரத்தான் செய்யும். வந்தது. கண்ணெதிரே ராயம்மாள் மெத்தை உறையில் படிந்திருந்த தூசியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கேத்தரின் அவளைக் கட்டிலில் உட்கார வைத்தாள்.

"அக்கா, எனக்குப் பொண்ணு இல்லைங்க. ஒரே பையன்தான். நாங்க இந்த வூட்ட வெலைக்கு வாங்கலாம்னு பாக்க வந்தவங்க."

ராயம்மாள் சிரித்த முகம் மாறாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். புரியவில்லை. கேத்தரின் மறுபடியும் சொன்னாள். சவரி சொன்னது, ஜேக்கப் ஃபிளாட் வாங்கப்போவது, எதையும் விடாமல் சொன்னாள். கொஞ்சம் கொஞ்சமாக ராயம்மாளின் முகத்தில் ரத்தமே இல்லாமல் போனது. கேத்தரின் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ராயம்மாள் அதைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

ஆண்கள் உள்ளே வந்தார்கள். ஒரு பார்வையிலேயே சவரிக்கு விளங்கிவிட்டது. வராத போனைக் காதில் வைத்துக்கொண்டு தெருவுக்கு நழுவினார். ஜேக்கப் அறை வாசலில் நின்றான்.

"இவங்களுக்குப் பொண்ணு இல்லையாமே ஜேக்கப்பு" என்றாள் ராயம்மாள்.

அவன் எதையோ முனகினான். எல்லாம் உனக்காகத்தான் என்றான். ஓசூரில் லிஃப்ட் இருக்கிறது, ஆஸ்பத்திரி பக்கம் என்றான். விற்கலாமா என்று கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டாய் என்று பயந்துதான் அப்படிச் சொன்னதாகச் சொன்னான். தலை நிமிரவே இல்லை.

"வூட்டக் கேட்டிருந்தா குடுத்திருப்பேன்டா. உனக்கில்லாத வூடா? பொண்ணு இருக்குதுன்னு ஏன்டா சொன்ன?"

சூசை ஒன்றும் புரியாமல் எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த வீடு நமக்கு வேண்டாம், வண்டியை எடுங்கள் என்று கேத்தரின் அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். ஜேக்கப்பைத் தாண்டும்போது நான்கு வார்த்தை நறுக்கென்று கேட்கத்தான் வாய் துடித்தது. பெற்றவளே கேட்ட பிறகு தான் கேட்க என்ன மிச்சம் இருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

வேன் கதவைத் திறக்கும்போது பின்னால் செருப்பில்லாமல் ஓடிவரும் சத்தம் கேட்டது. ராயம்மாள் வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது.

"ஏங்க, பொண்ணு இருந்திருந்தா... இந்த வூட்டப் பாத்துட்டுக் குடுத்திருப்பீங்களா?"

கேத்தரின் வீடு பார்த்த இத்தனை காலத்தில் ஒரு வீட்டைக்கூட வாய்விட்டுப் புகழ்ந்ததில்லை. புகழ்ந்தால் விலை ஏறும் என்று நாக்கை அடக்கியே பழகியவள்.

"கண்ண மூடிக்கிட்டுக் குடுத்திருப்பேங்க" என்றாள்.

அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத ராயம்மாள் அப்போதுதான் அழுதாள்.