மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்

கேட்டுக்காரருக்குத் தீயைக் கண்டால் பயம் கிடையாது. முப்பது வருஷமாக அதோடு குடித்தனம் நடத்துகிறவருக்குப் பயம் எங்கிருந்து வரும்? கையில் அங்கங்கே பொரிப்பொரியாகத் தழும்பு இருக்கும். யாராவது கேட்டால், "கொசு கடிச்சது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அந்தத் தெருவில் பாதி வீட்டு வாசலில் நிற்பது அவர் செய்த இரும்புக் கேட்டுதான். அதனால் வந்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம்.

பட்டறை வீட்டோடு ஒட்டினது. சமையலறைப் பின்கதவைத் திறந்தால் நேரே பட்டறைதான். கோடியில் இரும்புப் பட்டைகளை அடுக்கிச் செய்த மேஜை, அதன் கீழே பொறி விழுவதற்கு மணல் நிரப்பிய தகரத் தட்டு, மூலையில் உறுமிக்கொண்டே இருக்கும் கம்ப்ரஸர், அதற்குப் பக்கத்தில் அவருடைய செல்லப் பிள்ளையான பிளாஸ்மா கட்டர். ஒரு பக்கம் கரண்ட், இன்னொரு பக்கம் கம்ப்ரஸர் காற்று. இரண்டும் சேர்ந்து, கையில் பிடிக்கிற டார்ச்சின் மூக்கு வழியாக ஊசி மாதிரி நீலத் தீயாக வெளியே வரும். அந்த ஊசி தொட்ட இடத்தில் இரும்பு உருகி, காற்று அதைக் கீழே ஊதித் தள்ளிவிடும். தகடு வெண்ணெய் மாதிரி வழிவிடும். முகத்துக்குக் கறுப்புக் கண்ணாடி வைத்த முகமூடி, காதில் பஞ்சு, கையில் தோல் உறை. இதையெல்லாம் மாட்டிக்கொண்டால் அவருக்கு உலகமே அந்த நீலப் புள்ளிதான். பின்னால் யானை வந்து நின்றாலும் தெரியாது.

இந்தப் பட்டறையில் பாதி அவர் மனைவியுடையது. பூவும் கொடியும் தகட்டில் சாக்குக்கட்டியால் வரைவது அவள். தகடு ஆடாமல் மறுமுனையைப் பிடித்துக்கொள்வது அவள். வெட்டி முடித்ததும் ஓரத்தைத் தேய்த்துச் சிவப்புப் பெயிண்ட் அடிப்பதும் அவள்தான். "வெட்டறது மட்டும்தான் இவரு. கேட்டைச் செய்யறது நான்" என்று வருகிறவர்களிடம் சொல்லுவாள். அவர் மறுத்துப் பேசியதே இல்லை. மறுத்தால் அடுத்த வேளை சாப்பாட்டில் உப்பு கூடிவிடும் என்பது வேறு விஷயம்.

போன வருஷம் அவள் பெயிண்ட் பிரஷ்ஷும் கையுமாக இருந்தபடியே மயங்கி விழுந்தாள். பத்து நாளில் இன்னொரு தடவை. இதயம் துடிக்க மறந்துவிடுகிறது என்றார் டாக்டர். தோள்பட்டைக்குக் கீழே தோலுக்குள் சின்னதாக ஒரு பேஸ்மேக்கரை வைத்துத் தைத்து அனுப்பினார்கள். கிளம்பும்போது டாக்டர் கேட்டுக்காரரிடம், "என்ன வேலை செய்யறீங்க?" என்று கேட்டார். பதிலைக் கேட்டதும் அவர் முகம் மாறியது.

"அந்த மெஷின் ஓடும்போது இவங்க கிட்ட வரவே கூடாது. அது இந்தக் கருவியைக் குழப்பிடலாம்."

"கிட்டன்னா எவ்வளவு சார்?"

"எவ்வளவு தள்ளி இருக்காங்களோ அவ்வளவு நல்லது."

அடி, அங்குலம் என்று சொல்லியிருந்தால் கேட்டுக்காரர் நிம்மதியாக இருந்திருப்பார். வாழ்நாளெல்லாம் டேப் வைத்து அளந்தே பிழைத்தவர். "எவ்வளவு தள்ளியோ அவ்வளவு" என்றால் எதை அளப்பது? வீட்டுக்கு வந்ததும் மேஜையிலிருந்து பதினைந்து அடி அளந்தார். மனசு ஆறவில்லை. இன்னும் மூன்றடி கூட்டினார். பதினெட்டாவது அடியில், சமையலறைக் கதவுக்கு நாலு எட்டு முன்னால், தரையில் மஞ்சள் பெயிண்டால் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"மெஷின் ஓடறப்ப இதைத் தாண்டி வரக்கூடாது. என்ன ஆனாலும் சரி."

அவள் கோட்டைப் பார்த்தாள். "ஒரு கோடுகூட நேரா வரலையே உங்களுக்கு" என்றாள்.

அன்றிலிருந்து பிடித்தது பயம். இரண்டு அங்குலம் வெட்டுவார், நிறுத்துவார், முகமூடியைத் தூக்கிவிட்டுச் சமையலறைக்கு ஓடுவார்.

"என்ன பண்ற?"

"வெங்காயம் உரிக்கறேன்."

"நெஞ்சு எப்படி இருக்கு?"

"வெங்காயத்துக்கு நெஞ்சு எரியாது, கண்ணுதான் எரியும். போய் வேலையப் பாருங்க."

திரும்ப வந்து வெட்டுவார். நிறுத்தி நிறுத்தி வெட்டினால் தகட்டின் ஓரம் எலி கடித்த மாதிரிதான் இருக்கும். "என்ன கேட்டுக்காரரே, கை நடுங்குதா?" என்று வாடிக்கைக்காரர்கள் கேட்டார்கள். அவர் மெஷினைப் பழி சொல்லித் தப்பித்துக்கொண்டார். மதியம் அவள் சற்றுக் கண்ணயர்ந்தால்கூடப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, மூச்சு வருகிறதா என்று பார்ப்பார். ஒருநாள் அவள் கண்ணைத் திறக்காமலே, "இன்னும் இருக்கேன்" என்றாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அவளுக்குப் பயமே இல்லை என்றுதான் கேட்டுக்காரர் நினைத்துக்கொண்டிருந்தார். "உங்க மெஷினுக்கு ரெண்டு வருஷம்தான் கேரண்டி. எனக்குப் பத்து வருஷம் போட்டுக் குடுத்திருக்காங்க" என்று தோளைத் தட்டிக் காட்டுவாள். ஆனால் அவர் வெட்டும்போதெல்லாம் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவாள். உள்ளே போ என்று சொன்னால் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. அவ்வளவு வருஷம் கூட நின்றவளுக்குப் பொழுது போகவில்லை என்று அவர் விட்டுவிட்டார். எதைப் பார்க்க உட்கார்ந்திருக்கிறாள் என்று அந்த மனுஷன் ஒருநாளும் யோசிக்கவில்லை.

அந்த வாரம் பெரிய கேட்டு ஒன்று வந்திருந்தது. தகடு முழுக்கக் கொடி ஓட வேண்டும். நிறுத்தாமல் ஒரே இழுப்பில் வெட்டினால்தான் வளைவு அழகாக வரும். காலையில் பார்த்தால் வேலைக்குப் போடுகிற பேண்ட் இரண்டும் ஈரமாகக் கொடியில் தொங்கின. புதிதாக வாங்கிய பேண்ட் மட்டும்தான் இருந்தது. அது தரையைக் கூட்டுகிற நீளம்.

"கழட்டிக் குடுங்க, அஞ்சு நிமிஷத்துல மடிச்சுத் தைச்சுத் தர்றேன்" என்றாள்.

"அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, அடியில் இரண்டு மடிப்பாகச் சுருட்டி விட்டுக்கொண்டார்.

கேட்டுக்காரர் வேலை கற்றுக்கொண்ட முதல் நாள் கேட்ட முதல் வார்த்தையே, பேண்ட்டை மடித்துவிடாதே என்பதுதான். மடிப்பு என்பது பொறிக்கு வைத்த கிண்ணம். யாராவது மடித்துவிட்டுக்கொண்டு பட்டறைக்குள் வந்தால் வாய்க்கு வந்தபடி திட்டி அனுப்புகிறவர், அன்றைக்குத் தானே மடித்துக்கொண்டு போய் நின்றார். அவர் கவனமெல்லாம் மஞ்சள் கோட்டின் மேல் இருந்தது. தன் காலைக் குனிந்து பார்க்க அவருக்கு நேரம் ஏது?

அவள் டீ டம்ளரோடு ஸ்டூலில் உட்கார்ந்தாள். கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துக்கொண்டார். பஞ்சைக் காதில் அடைத்தார். முகமூடியை இறக்கினார். விசையை அழுத்தினார்.

முதல் வளைவு வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாவது வளைவும் அப்படியே. பல நாளுக்குப் பிறகு ஓரம் பிசிறில்லாமல் வருகிறதே என்று அவருக்கே சந்தோஷமாக இருந்தது. மூன்றாவது இலையின் நுனியில் திரும்பும்போது நீலப் புள்ளி சட்டென்று செத்தது. முகமூடிக்குள் ஒரே கும்மிருட்டு. கம்ப்ரஸரும் மெல்ல முனகிவிட்டு நின்றுபோனது.

சனியன், கரண்ட் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு முகமூடியைத் தூக்கினார்.

சமையலறை வாசலில் டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது.

கரண்ட் போகவில்லை. யாரோ பட்டறைக்கென்று தனியாக இருக்கிற மெயின் சுவிட்சை இறக்கியிருக்கிறார்கள். மெயின் போர்டு இருப்பது மேஜையிலிருந்து ஐந்தே அடியில், பக்கத்துச் சுவரில். கைக்கு எட்டுகிற மாதிரி இருக்கட்டும் என்று அவரே என்றோ சொல்லி வைத்த இடம் அது. திரும்பினார். ஸ்டூல் கவிழ்ந்து கிடந்தது. டம்ளர் கம்ப்ரஸருக்குக் கீழே உருண்டு கிடந்தது. போர்டுக்குக் கீழே, சுவரில் முதுகைச் சாய்த்தபடி, அவர் மனைவி தரையில் சரிந்திருந்தாள். ஒரு கை இன்னும் மேலே தூக்கினபடி சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை.

கொன்றுவிட்டேன் என்றுதான் முதலில் தோன்றியது. என் கையாலேயே கொன்றுவிட்டேன்.

எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்று இன்றைக்குக் கேட்டாலும் தெரியாது. முட்டி போட்டு உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்தார். "என்னம்மா பண்ணுது? சொல்லு! ஏன் வந்த? ஏன் கோட்டைத் தாண்டி வந்த?" என்று கத்தினார். அவள் வாய் அசைந்தது. காதில் பஞ்சு. ஒன்றும் கேட்கவில்லை. அவள் விரலை நீட்டினாள். நெஞ்சைக் காட்டுகிறாள் என்று நினைத்தார். நெஞ்சு இல்லை. விரல் கீழே காட்டியது. அவருக்கு விளங்கவில்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு எட்டி, அவர் காதிலிருந்த பஞ்சைப் பிடுங்கி எறிந்தாள்.

"கால்ல தீங்க! உங்க கால்ல தீ!"

அப்போதுதான் குனிந்து பார்த்தார். வலது கால் மடிப்பிலிருந்து கெண்டைக்கால் வரைக்கும் துணி கருகி, ஓரத்தில் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகுதான் எரிச்சலே உறைத்தது. தோல் உறை போட்ட கையாலேயே அடித்து அணைத்தார். அணைத்த கையோடு அவளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

பக்கத்து வீட்டு வேன்காரர் ஒன்றும் கேட்காமல் வண்டியை எடுத்தார். வழியெல்லாம் கேட்டுக்காரர் அவள் மணிக்கட்டை விடவில்லை. நாடி துடிக்கிறதா, அல்லது தன் விரல்தான் துடிக்கிறதா என்று அவருக்குப் புரியவில்லை. ஐந்தடி, ஐந்தடி என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தார். பதினெட்டு அடி அளந்து வைத்தும், கடைசியில் ஐந்தடி.

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். அவர் வராந்தா பெஞ்சில், ஒரு கால் முழுசாகவும் ஒரு கால் பாதியாகவும் இருந்த புதுப் பேண்ட்டோடு உட்கார்ந்திருந்தார். நர்ஸ் ஒருத்தி வந்து காலுக்கு மருந்து போட்டாள். "வலிக்குதா?" என்று கேட்டாள். அவர் சாத்தின கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கதவு திறக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் நாலு கேட்டு செய்திருக்கலாம்.

கதவு திறந்தது. டாக்டர் தோளைத் தட்டினார். கருவியைச் சோதித்துப் பார்த்தாயிற்று, அது சரியாகத்தான் ஓடுகிறது. பயத்தில் கால் துவண்டு உட்கார்ந்துவிட்டார்கள், அவ்வளவுதான். "இந்தத் தடவை ஒண்ணும் ஆகல. அடுத்த தடவையும் இப்படியே இருக்கும்னு நினைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கட்டில் பக்கம் போய் நின்றதும், அவ்வளவு நேரம் அடக்கி வைத்தது கோபமாக வெளியே வந்தது.

"அறிவிருக்கா உனக்கு? எத்தனை தடவை சொன்னேன்? கூப்பிட்டிருக்கலாம்ல?"

"கூப்பிட்டேன். தொண்டை கிழியக் கூப்பிட்டேன். டம்ளரைத் தூக்கி எறிஞ்சேன். கம்ப்ரஸர்ல போய் விழுந்துச்சு. நீங்க இலை வெட்டிக்கிட்டிருந்தீங்க."

"அதுக்காக..."

"பத்து எண்ணினேங்க. நீங்களே பாத்துடுவீங்கன்னு கோட்டு மேலேயே நின்னு பத்து எண்ணினேன். அதுக்குள்ள தீ மேல ஏறிடுச்சு." அவள் அவர் காலைப் பார்த்தாள். "கோடு போட்டீங்களே, அந்தப் பக்கம் நீங்க எரியறப்போ இந்தப் பக்கம் நின்னு நான் என்ன பண்ணணும்னு யோசிச்சீங்களா? தினமும் ஸ்டூலைப் போட்டு உக்காந்திருந்தேனே, எதுக்குன்னு நினைச்சீங்க?"

ஒரு வருஷமாக இந்த வீட்டில் தனக்கு மட்டும்தான் பயம் என்று நினைத்துக்கொண்டிருந்தவருக்கு, அவள் தன்னைவிட அதிகமாகப் பயந்துகொண்டு கோட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். பக்கத்துக் கட்டில்காரர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் எலெக்ட்ரீஷியன் வந்தார். மெயின் போர்டைக் கழற்றிக் கொண்டுபோய், கோட்டுக்கு இந்தப் பக்கம், சமையலறைக் கதவோரம் அவள் கைக்கு எட்டுகிற உயரத்தில் மாட்டிவிட்டுப் போனார். ஒரு வாளித் தண்ணீரும் மேஜைக்குப் பக்கத்தில் வந்தது. பேண்ட்டுகள் எல்லாவற்றையும் அவள் வெட்டித் தைத்துவிட்டாள். கொஞ்சம் அதிகமாகவே வெட்டிவிட்டாள், கணுக்கால் தெரிகிறது.

இப்போது அந்த சுவிட்ச் முழுக்க அவள் ராஜ்யம். சாப்பாடு ஆறிப்போகிறதா, டக். வாசலில் யாராவது தேடி வந்தார்களா, டக். பாதி இலையில் நீலப் புள்ளி செத்துப்போகும். கேட்டுக்காரர் உறைந்து நிற்பார். அது சாப்பாட்டுக்காகத்தான் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும், முகமூடியைத் தூக்கித் திரும்புகிற அந்த ஒரு நொடியில் அவருக்கு ஒவ்வொரு தடவையும் உயிர் போய் உயிர் வருகிறது. கண் முதலில் தரையைத்தான் தேடும். தரையில் யாரும் இல்லை என்று பார்த்த பிறகுதான் மேலே ஏறும். அவள் சுவிட்ச் மேல் கையை வைத்துக்கொண்டு நிற்பாள். அவள் பார்ப்பது அவர் முகத்தை இல்லை, காலை.

"வாங்க, சாப்பிடலாம்" என்பாள்.