நாலு குரலுக்கு ஒரு மென்பொருள்

மெலியாமேயின் கணினி ஆக்லாந்திலிருந்து நீல டிரம்முக்குள் வந்தது. மாட்டிறைச்சி டின்களுக்கும் படுக்கை விரிப்புகளுக்கும் நடுவில், பழைய குளிர்கோட்டு ஒன்றில் சுற்றி, மகள் இலைசானே அனுப்பியிருந்தாள். திங்கட்கிழமை கப்பல் எங்கள் தீவின் பங்காய்த் துறைக்கு வந்ததும், டிரம்மை உருட்டிக்கொண்டு திருச்சபைப் பாடகர் குழுவில் பாதிப் பேர் கூடவே நடந்தோம். நான் டெனர், அதாவது ஆண்களின் மேல்குரல், பாடுகிறவன். டிரம்மைத் தொட்டுத் தள்ள எனக்கும் ஒரு முறை கிடைத்தது. அது மெலியாமேயின் வீட்டுக்குப் போகும் கணினிதான். ஆனால் எங்கள் பாட்டைக் காப்பாற்ற வந்த கணினி.

மெலியாமே பள்ளிச் சீருடை தைப்பவர். கணவர் லிசியாத்தே எங்கள் குழுவின் தலைவர். லிசியாத்தேவுக்குப் பாட்டு மண்டைக்குள்ளேயே நாலு குரலாக வரும், ஆனால் கையெழுத்து நண்டு ஓடினது போல இருக்கும். அதனால் அவர் முனகுவார், மெலியாமே எழுதுவார். நாங்கள் பாட்டை எண்களில்தான் எழுதுகிறோம். மூன்றிலிருந்து ஒன்பது வரை, ஏழு சுரத்துக்கு ஏழு எண். ஒரு வரிப் பாட்டுக்கு நாலு வரிசை எண்கள், ஒவ்வொரு குரலுக்கும் ஒன்று. கரும்பலகையில் சுண்ணாம்பு தடவிய நூலை இழுத்துச் சுண்டி மெலியாமே கட்டம் போடுவார். தாளத்தின் ஒரு தட்டுக்கு ஒரு கட்டம். இருபது வருடமாகப் புதன்கிழமை மாலை ஆறு மணிப் பயிற்சிக்குப் பலகை தயாராக இல்லாமல் இருந்ததில்லை.

சிக்கல் போன வருடம் வந்தது. எங்கள் குழு இப்போது இரண்டு துண்டு. முப்பத்தொரு பேர் இங்கே, இருபத்தாறு பேர் ஆக்லாந்தில். தலைநகர் நுக்குவலோஃபாவில் நடக்கும் சபை மாநாட்டில்தான் ஒன்றாக நிற்போம். போன வருடம் பலகையைப் படம் எடுத்து அனுப்பினோம். மூன்றாவது வரியில் பாஸ் என்னும் கீழ்க்குரலுக்கு இருந்த ஐந்து, படத்தில் கலங்கி ஆறாகத் தெரிந்திருக்கிறது. மாநாட்டில் அத்தனை ஊர்களுக்கும் முன்னால் ஆக்லாந்து பாஸ்காரர்கள் ஆறைப் பாடினார்கள். லிசியாத்தேவின் கை காற்றில் அப்படியே நின்றுவிட்டது. எங்களில் யாரும் மெலியாமேயை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரும்பி வரும் கப்பலில் வேறு ஊர்ப் பெண்மணி ஒருத்தி, பாயை விரித்துக்கொண்டே, "உங்க ஊர்ல அஞ்சும் ஆறும் ஒண்ணுதானாமே?" என்று கேட்டாள். ஊர் திரும்பியதும் மெலியாமே பலகையைத் தொடவில்லை. அடுத்த மூன்று புதன்கிழமை பலகையை நான்தான் எழுதினேன். நன்றாக இல்லை.

இந்த வருடமும் அதே பாட்டோடு மாநாட்டைத் தொடங்கும் வாய்ப்பு எங்களுக்கே கிடைத்திருந்தது. இந்த முறையும் தவறினால் அது வேறு தீவுக்குப் போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரியும். விமானம் ஏறுவதற்கு முன் ஆக்லாந்துக்காரர்களுக்குக் கடைசிப் பயிற்சி, டிரம் வந்த அதே வாரம் சனிக்கிழமை மாலை. அதற்குள் படம் அல்லாத, கலங்காத ஒரு பிரதி அவர்கள் கையில் இருக்க வேண்டும்.

டிரம்மில் இலைசானேயின் கடிதமும் இருந்தது. கணினியைச் சுத்தமாகத் துடைத்துவிட்டதாகவும், அதை ஓடவைப்பது மட்டும்தான் உள்ளே இருக்கிறது என்றும், மற்றதை அம்மாவே பார்த்து நிறுவிக்கொள்ள வேண்டும் என்றும் எழுதியிருந்தாள். முதலில் வைரஸ் தடுப்பு, மற்ற எல்லாம் அதற்குப் பிறகு என்று அடிக்கோடு போட்டிருந்தாள்.

என்னென்ன நிறுவுவது என்று அன்று மாலை, ஆண்கள் காவா வேர்ச்சாறு குடிக்க உட்காரும் வட்டத்தில் பேச்சு வந்தது. போதகர், வேதாகமம் இல்லாத கணினியை ஒரு வீட்டில் எப்படி வைப்பது என்றார். பாஸ் பாடும் ஹேனேலே கிழவர், ரக்பி விளையாட்டு ஒன்று போட்டால் குழுவின் ஒற்றுமை வளரும் என்றார். படம் பார்க்க ஒன்று வேண்டும் என்று அல்டோக் குரல் பாடும் பெண்கள் சொல்லி அனுப்பினார்கள். மெலியாமே எல்லாவற்றையும் தையல் அளவு எழுதும் நோட்டில் குறித்துக்கொண்டார்.

எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு இணையம் கிடையாது. பங்காயில் செமிசி வைத்திருக்கும் இணையக் கடையில் இறக்கி, பென் டிரைவில் கொண்டுவர வேண்டும். கடைக்கு மாதத்துக்கு இவ்வளவு என்று அளவு உண்டு. அந்த மாதத்தில் மீதி இருந்தது எழுநூறு எம்பி, மாதம் முடிய ஒன்பது நாள். செமிசி மெலியாமேயின் அண்ணன் மகன், என் பக்கத்தில் நின்று டெனர் பாடுகிறவன். செவ்வாய்க்கிழமை காலை அத்தையும் அவனும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடை போட்டார்கள். வைரஸ் தடுப்பு தொண்ணூறு. உலாவி இருபது. ஆவணம் படிப்பதற்கு நாற்பது. படம் பார்ப்பதற்கு இருபது. வேதாகமம் முப்பது. ரக்பி நானூறு என்றதும் மெலியாமே அதன் மேல் கோடு கிழித்தார். இசை எழுதும் மென்பொருள் என்று ஒன்று இருந்தது, நூற்றறுபது. எதற்காகக் கணினி வந்ததோ அது இதுதானே என்று அதன் பக்கத்தில் நட்சத்திரம் போட்டார். கடிதம், கணக்கு எல்லாம் சேர்ந்த அலுவலகப் பொட்டலம் ஒன்றும் வீட்டுக்கு நல்லது என்று செமிசி சொன்னான். அது இருநூற்றுப் பத்து. கடிதம் எழுத நோட்டு இருக்கிறது, கணக்குப் போட நம்மிடம் என்ன இருக்கிறது என்று மெலியாமே அதையும் அடித்துவிட்டார்.

புதன்கிழமை மாலை பயிற்சிக் கூடத்தில் கணினியை மேசை மேல் வைத்து, முப்பது பேரும் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்க, இசை மென்பொருளைத் திறந்தார். திரையில் ஐந்து கோடுகள் வந்தன. மெலியாமே எதையோ அழுத்த, கோடுகளின் மேல் வாலுள்ள கரும்புள்ளிகள் விழுந்தன.

ஹேனேலே மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "கொடியில கணவாய் காயப்போட்ட மாதிரில்ல இருக்கு?" என்றார்.

கூடமே சிரித்தது. மெலியாமேயும் சிரித்தார், ஆனால் கை நிற்கவில்லை. பயிற்சி முடியும் வரை அந்த மென்பொருளின் எல்லாக் கதவுகளையும் ஒன்று விடாமல் திறந்து பார்த்தார். கோடுகளை எண்ணாக மாற்ற எங்கும் வழியில்லை. அந்தப் புள்ளிகளை லிசியாத்தே கொஞ்சம் படிப்பார். இங்கேயும் ஆக்லாந்திலும் வேறு யாருக்கும் தெரியாது. மூன்று நாள்தான் பாக்கி.

வியாழக்கிழமை காலை கடை திறக்கும்போதே மெலியாமே வாசலில் நின்றார். நானும் போயிருந்தேன். செமிசி தன் திரையில் முந்தின நாள் வாடிக்கையாளர் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தான். மெலியாமே ஏதோ கேட்க வாயைத் திறந்தவர், அவன் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார்.

"இது என்னடா, செமிசி?"

"கணக்குத் தாள், அத்தை. யார் எத்தனை மணிக்கு வந்தாங்கன்னு எழுதறேன்."

"கட்டத்தை ஒடுக்க முடியுமா?"

அவன் ஓரத்தைப் பிடித்து இழுத்தான். திரை முழுக்கக் கட்டங்கள் சின்னச் சின்னதாக நெருங்கின. மெலியாமே அவனை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு உட்கார்ந்தார். ஒரு விரலால் ஒரு வரிசையில் ஐந்து, ஐந்து, ஏழு, ஆறு. அதற்குக் கீழே இன்னொரு வரிசை. இன்னொன்று. நாலாவது. பிறகு மெதுவாக முனகினார். செமிசிக்கு அது டெனர் வரிசை என்று புரிந்து, அவனும் தானாகச் சேர்ந்துகொண்டான். எனக்குக் கை மயிர் சிலிர்த்தது. எங்கள் கரும்பலகை, நூல் சுண்டாமல், சுண்ணாம்பு உதிராமல், ஒளியோடு அங்கே இருந்தது.

"இது எனக்கு வேணும்," என்றார்.

"நீங்க வேணாம்னு தள்ளின பொட்டலத்துல இருக்கறதுதான், அத்தை." செமிசி தலையைச் சொறிந்தான். கடையில் இருப்பது கணினியோடு வந்தது, அதை நகலெடுக்க முடியாது. புதிதாகத்தான் இறக்க வேண்டும். மீதி இருப்பது முந்நூற்று நாற்பது, அதில் இருநூற்றைம்பது மாதக் கடைசி வரை ஊர்க்காரர்கள் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளோடு பேசுவதற்கு ஒதுக்கியது என்று வரிசையாகச் சொன்னான்.

அப்பாவின் சகோதரி வாய்விட்டுக் கேட்டால் எங்களில் யாரும் இல்லை என்று சொல்வதில்லை. அண்ணன் வீட்டுப் பன்றி, பாய், படகின் இயந்திரம் வரைக்கும் கேட்டு வாங்கிப் போகிற அத்தைகள் உண்டு. செமிசி பிறந்த நாளிலிருந்து அவனிடமோ அவன் அப்பாவிடமோ மெலியாமே ஒரு தேங்காய் கேட்டதில்லை.

"அத்தையாக் கேக்கறேன்," என்றார் மெலியாமே.

செமிசி போய்க் கதவில் தொங்கிய அட்டையை 'மூடியுள்ளது' பக்கமாகத் திருப்பினான்.

அந்த நேரம் பார்த்து ஹேனேலே வந்தார். பிரிஸ்பேனில் இருக்கும் பேரன் முகத்தைத் திரையில் பார்க்கக் குளித்து, சட்டை மாற்றி வந்திருந்தார். விஷயம் தெரிந்ததும் முகம் சுண்டிவிட்டது.

"ஒரு வாரமா இந்த நாளுக்குத்தான் காத்திருந்தேன்மா."

"அடுத்த மாசமும் உங்க பேரன் அழகாத்தான் இருப்பான், மாமா. உக்காருங்க. பாஸ் வரிசையைச் சொல்லுங்க, தப்பில்லாம வருதான்னு பாப்போம்."

பத்து மணிக்கு இறக்கத் தொடங்கினோம். பதினொன்றுக்கு மழை வந்தது. எங்கள் ஊரில் மழை வந்தால் இணையம் நொண்டும். சாலையில் போகிறவர்கள் சன்னலில் முகத்தை வைத்து எத்தனை சதவீதம் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அல்டோப் பெண்கள் நாலு பேர் சந்தையிலிருந்து கூடையோடு வந்து அங்கேயே தங்கிவிட்டார்கள். நாற்பது. அறுபத்திரண்டு. எண்பத்தேழில் நின்றது. கால் மணி நேரம் அசையவில்லை. செமிசி மவுஸைத் தொடப் போனான், மெலியாமே அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். எண்பத்தெட்டு. ஹேனேலே உட்கார்ந்த இடத்திலேயே தாழ்ந்த குரலில் தன் வரிசையைப் பாட ஆரம்பித்தார், நாங்களும் சேர்ந்தோம். மூன்று மணிக்குப் பாட்டு முடிந்தபோதா, அதற்குக் கொஞ்சம் முன்பா, நூறு வந்தது.

வெள்ளிக்கிழமை தையல் இயந்திரத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு மெலியாமே எழுத உட்கார்ந்தார். பலகையை வீட்டுக்கே கொண்டுவந்து எதிரில் சாத்தியிருந்தோம். பார்த்து எழுதுகிறவர் மூலத்திலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது என்பது அவர் பழக்கம். கண்ணை எடுத்தால்தான் கட்டம் தவறும். அதேபோலப் பலகையை மட்டுமே பார்த்துக்கொண்டு, திரையைப் பார்க்காமல், எட்டு வரியில் ஐந்து வரி முடித்தார். மாலையில் எட்டிப் பார்க்க வந்த ஹேனேலே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரையைப் படித்தார்.

"ஏம்மா, பாஸ் ஏழு மணி எட்டு நிமிஷத்துக்குப் பாடணுமா? டெனர் ஜூன் அஞ்சாம் தேதியா?"

அரைத்தட்டுகளைப் புள்ளி வைத்தும் கோடு போட்டும் பிரிப்பது எங்கள் வழக்கம். ஏழு, இரு புள்ளி, எட்டு என்று எழுதியதைக் கணினி மணியாக எடுத்துக்கொண்டிருந்தது. ஐந்து, கோடு, ஆறு என்பது தேதி ஆகியிருந்தது. ஐந்து வரி முழுக்க மணியும் தேதியும்.

மெலியாமே ஒரு நிமிடம் இரண்டு கையையும் மடியில் வைத்திருந்தார். பிறகு நோட்டைத் திறந்து, மேலே இருந்த முதல் பட்டியலிலிருந்து தொடங்கி, எதை அழுத்தினால் என்ன ஆகிறது என்று ஒவ்வொன்றாக எழுதினார். ஒரு மணி நேரம் கழித்து, கட்டத்துக்குள் இருப்பது எண்ணா, தேதியா, மணியா, வெறும் எழுத்தா என்று கணினிக்குச் சொல்லும் இடம் அகப்பட்டது. எல்லாக் கட்டத்தையும் எழுத்து என்று மாற்றினார். ஏழு மணி எட்டு நிமிடம் மறைந்து, அந்த இடத்தில் 0.2972 என்று ஏதோ வந்து உட்கார்ந்தது.

லிசியாத்தே பெருமூச்சு விட்டார். மெலியாமே விடவில்லை. புதிய தாள் ஒன்றைத் திறந்து, ஒன்றும் எழுதுவதற்கு முன்பே எல்லாக் கட்டத்தையும் எழுத்து என்று மாற்றி, ஒரு கட்டத்தில் ஏழு, இரு புள்ளி, எட்டு என்று அடித்துப் பார்த்தார். அது அடித்தபடியே நின்றது. "எழுதறதுக்கு முன்னாடியே சொல்லிடணும், அவ்வளவுதான்," என்றார். குரலில் சந்தோஷம் பொங்கியது. கண்டுபிடித்ததை நோட்டில் சிவப்பு மையால் எழுதினார்.

சனிக்கிழமை காலை ஊரே ஞாயிற்றுக்கிழமைக்கு விறகும் சேம்பிலையும் சேர்த்துக்கொண்டிருந்தபோது, அவர் முதல் வரியிலிருந்து மறுபடி எழுதினார். இந்த முறை ஒவ்வொரு கட்டத்துக்கும் பலகையையும் பார்த்தார், திரையையும் பார்த்தார். இரண்டு மணிக்கு முடிந்தது. அதன் பிறகு சரிபார்த்தல். கடைசிக் கட்டத்திலிருந்து முதல் கட்டத்துக்குப் பின்னோக்கி வாசிக்கச் சொன்னார். முன்னோக்கி வாசித்தால் காது பாட்டைத் தானே சரிசெய்துகொள்ளும், தப்பைக் காட்டாது என்றார். லிசியாத்தே திரையை வாசிக்க, நான் பலகையைப் பார்க்க, மெலியாமே கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இரண்டு இடத்தில் "நில்லுங்க" என்றார். இரண்டும் உண்மையான தப்பு.

ஐந்து மணிக்குப் பென் டிரைவைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டு, செமிசியின் கடைக்கு என் மிதிவண்டியின் பின்னால் உட்கார்ந்து வந்தார். கோப்பு அரை நிமிடத்தில் போய்விட்டது. அவ்வளவு சின்னது அது.

ஏழு மணிக்குக் கூடத்தில் எல்லோரும் இருந்தோம். லிசியாத்தேவின் கைபேசி ஒலிபெருக்கியில் மேசை மேல் கிடந்தது. ஆக்லாந்தில் இலைசானே இருபத்தாறு பிரதி எடுத்துக் கொடுத்திருந்தாள். அங்கே யாரோ தாளம் எண்ணினார்கள், பாட்டு தொடங்கியது. தகரப் பெட்டிக்குள்ளிருந்து வருவது போல இருந்தாலும் நாலு குரலும் தனித்தனியாகக் கேட்டன. மெலியாமே பலகை முன் நின்று பாஸ் வரிசையில் கட்டம் கட்டமாக விரலை நகர்த்தினார். மூன்றாவது வரி வந்தது. நாங்கள் எல்லோரும் அவர் விரலைத்தான் பார்த்தோம். போன வருடம் கலங்கிய அந்த இடத்தில் விரல் நின்று தாண்டியது. அவர்கள் ஐந்தைப் பாடினார்கள், அகலமாக, சந்தேகமே இல்லாமல். ஹேனேலே என் தோளை இறுக்கிப் பிடித்ததில் வலித்தது.

பாட்டு முடிந்ததும் அங்கிருந்து பாஸ் தலைவரின் குரல் வந்தது. "என்ன, இந்த வருஷம் எங்க மேல பழி போட ஒண்ணும் இல்லையே?"

லிசியாத்தே சிரித்துக்கொண்டே கைபேசியை எடுக்கப் போனார். மெலியாமே முந்திக்கொண்டு குனிந்தார்.

"பாஸ் சரி. ஆறாவது வரியில அல்டோ அரைத்தட்டு முன்னாடி வந்துட்டாங்க."

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல், தாளில் அப்படித்தான் இருக்கிறதோ என்னவோ என்று இழுத்தது.

"தாள் சரியாத்தான் இருக்கு," என்றார் மெலியாமே. "எடுத்துப் பாருங்க."

ஆக்லாந்தில் இருபத்தாறு தாள்கள் சரசரப்பது கைபேசியில் கேட்டது. பிறகு அந்தப் பெண் சிரித்துவிட்டாள். ஆறாவது வரியிலிருந்து மறுபடி எடுத்தார்கள்.