எனக்குப் போட்ட நாற்காலி

நான் வாயாடி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பேசும்போது கையும் சேர்ந்து ஆடும் என்பதால் எங்கள் வீட்டில் டம்ளர்கள் என் கைக்கு எட்டாத இடத்தில்தான் இருக்கும். கட்டிக்கொண்டவர் நேர் எதிர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்பதுபோல் இருப்பார்.

அவருக்கு ஸ்ரீபெரும்புதூரில் வேலை கிடைத்ததும் திருநெல்வேலியிலிருந்து காஞ்சிபுரத்துக்குக் குடிவந்தோம். நெசவாளர் தெரு. வந்த வேகத்தில் எல்லா வீட்டுக்கும் ஏறி இறங்கி, என் கதையைச் சொல்லி அவர்கள் கதையையும் கேட்டு வந்துவிட்டேன். இனி இது நம்ம தெரு என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கே விடிந்ததும் தெருவில் பாவு போடுவார்கள். தறிக்கான பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, அறுந்ததை முடிந்து, வெயில் ஏறுமுன் சுருட்டிவிட வேண்டும். ஒரு வீட்டு ஆட்களால் ஆகாது. அக்கம்பக்கம் எல்லாரும் கை கொடுப்பார்கள். நாங்கள் வேடிக்கை பார்க்கப் போனபோது என் கணவரிடம் பாவின் முனையைக் கட்டிய கழியைக் கொடுத்து இழுத்துப் பிடிக்கச் சொன்னார்கள். எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, காபி கொடுத்தார்கள்.

ஒவ்வொரு தடவையும் இதே கதைதான். என் பேச்சுக்குத் தெருவே சிரிக்கும். எழுந்தால் மட்டும், உட்காருங்கள் என்று உபசரிப்பார்கள். அந்த நாற்காலியைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு வார்த்தை பேசாமல் இவர் தெருக்காரர் ஆகிவிட்டார். தொண்டை வறளப் பேசிய நான் விருந்தாளி.

ஒருநாள் அவர் வேலைக்கு முன்னதாகவே கிளம்பிவிட, நான் அடம்பிடித்து அந்தக் கழியை வாங்கினேன். கழியின் இன்னொரு பக்கம் எதிர்வீட்டு அக்கா. கொஞ்ச நேரம் நல்லபிள்ளையாகத்தான் நின்றேன். அப்புறம் எங்கள் ஊர்க் கல்யாணம் ஒன்றில் மாப்பிள்ளையின் வேட்டி அவிழ்ந்த கதை வந்துவிட்டது. அவிழ்ந்த கட்டத்தில் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். கழி சாய்ந்து, பாவு தொய்ந்து தரையில் பட்டது.

யாரும் திட்டவில்லை. சிக்கிய இழைகளைப் பிரிக்க வெகுநேரம் ஆனது. அவர்கள் அப்படிப் பேசாமல் வேலை செய்ததுதான் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன். அடுத்த பாவுக்கு அவரை மட்டும் அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

சற்று நேரத்தில் கதவு அதிர்ந்தது. எதிர்வீட்டு அக்கா, கையெல்லாம் கஞ்சி.

"உள்ள இன்னா பண்ணிக்கினு இருக்கிற? ஊட்டுக்காரர அனுப்பிட்டா ஆச்சா? அவரு பாட்டுக்கு கம்முனு நிக்கிறாரு, எல்லாருக்கும் தூக்கமா வருது. வா."

"நான் வந்தா கையை விட்டுருவேன்க்கா."

"நீ பேசுமா, யாரு வேணாம்னா? கைய நான் புடிச்சிக்கிறேன். அந்த மாப்ள கதி இன்னா ஆச்சுன்னு தெரியாம எங்களுக்கு வேலையே ஓடல."

முகத்தைக் கழுவிக்கொண்டு அக்கா பின்னாலேயே போனேன். என் நாற்காலி வழக்கமான இடத்தில்தான் கிடந்தது. அதன்மேல் கஞ்சி வாளியை வைத்திருந்தார்கள். அதை இறக்கி எனக்கு இடம் கொடுக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கு வாயெல்லாம் பல். கணவர் கழியை என்னிடம் தந்துவிட்டு நகர்ந்தார். அக்கா தன் பிசுபிசுத்த கையால் என் கையைக் கழியோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். நான் வேட்டியிலிருந்து ஆரம்பித்தேன்.