ஆணியில் தொங்கும் காளி

விவேக் நகரில் எங்கள் பூக்கடைச் சுவரில், குழந்தை யேசு படத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆணி. அதில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புத் தகடு தொங்குகிறது. நடுவில் ஓட்டை. ஒரு மூலை மட்டும் தீய்ந்த அப்பளம் போல உதிர்ந்திருக்கும். ரோஜாவும் மெழுகுவர்த்தியும் வாங்க வருகிறவர்கள் அதையே பார்ப்பார்கள். ‘என்ன இது, ஏதாவது வேண்டுதலா?’ என்று சிலர் கேட்பார்கள். அண்ணி இருந்தவரை அதற்கு ஒரு பதில் வைத்திருந்தார். இப்போது அதை நான் சொல்கிறேன். முன்பெல்லாம் நான் யாருக்கும் பதில் சொல்கிற ஆள் இல்லை.

எட்டாம் வகுப்பில் ஒருநாள் வாத்தியார், ‘எழுந்து நின்று பாடத்தைப் படி’ என்றார். எழுந்தேன், வாய் திறக்கவில்லை, உட்கார்ந்துவிட்டேன். மறுநாளிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. அவ்வளவுதான் என் படிப்பு. பயம் மட்டும் மேல்படிப்பு படித்துக்கொண்டே போனது. அடுப்பை அணைத்தோமா, பூட்டு சரியாக விழுந்ததா, பஸ் டிரைவர் கண் அசருகிறாரா என்று எந்த நேரமும் காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். ‘இவனுக்குக் கல்யாண மேளத்துலகூட சாவுச் சத்தம் கேக்கும்’ என்று வீட்டில் சிரிப்பார்கள்.

அண்ணி, என் அண்ணனின் மனைவி. அண்ணன் வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போனவர், முதல் வருடம் கடிதம் போட்டார், இரண்டாம் வருடம் கிறிஸ்துமஸ் கார்டு போட்டார், அப்புறம் ஒன்றும் போடவில்லை. அவர் விட்டுப்போனது ஏலத்தில் எடுத்த ஒரு குட்டி ஜீப்பும், அதை ஓட்ட அண்ணிக்குக் கற்றுக்கொடுத்த பழக்கமும்தான். தொண்ணூறுகளின் நடுவில் அது. ஆனேக்கல் பக்கம் ரோஜாத் தோட்டங்களுக்குப் போகிற பாதை மழை பெய்தால் சேற்றுக் குழம்பாகிவிடும். டெம்போக்காரர்கள் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அண்ணியின் ஜீப் மட்டும் நான்கு சக்கரத்தாலும் மண்ணைப் பிறாண்டிக்கொண்டு தோட்டத்து வரப்புவரை போய் நிற்கும். அதனால்தான் எங்கள் கடைக்கு மற்றவர்களுக்கு முன்பே பூ வந்தது. அண்ணனின் பழைய ஸ்வெட்டரைச் சேலைமேல் மாட்டிக்கொண்டு, முந்தானையை இடுப்பில் சொருகி, விடியற்காலையில் அண்ணி வண்டி எடுப்பார். பக்கத்து சீட்டில் பயத்தோடு நான். ஓசூர் ரோட்டில் லாரிக்காரர்கள் எட்டிப் பார்த்து, “ஏம்மா, வீட்டுக்காரர் இல்லையா?” என்பார்கள். அண்ணி சிரிக்காமல் சொல்வார்: “இருக்காரு. எங்கன்னுதான் தெரியல. வழியில பாத்தா சொல்லுங்க.”

அந்த மார்கழியில்தான் சத்தம் ஆரம்பித்தது. யாரோ நகத்தால் தகர டப்பாவைச் சுண்டுவது போல, டிக், டிக், டிக். ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் வேகமாகச் சுண்டும். நான்தான் முதலில் கேட்டேன். அண்ணிக்குச் சொன்னபோது, “உனக்குக் கேக்காத சத்தம் எதுடா தம்பி” என்றார். ஒரு வாரத்தில் அவருக்கும் கேட்டது. அடுத்த வாரம் தெருவுக்கே கேட்டது. ஆனால் பொம்மனஹள்ளி தாண்டி, என்ஜின் சூடேறி, என் கை விறைப்பும் விட்டுப்போகிற நேரத்தில் சத்தம் தானாக அடங்கிவிடும். மறுநாள் காலை மறுபடியும் டிக், டிக். அடங்கியது எனக்கு நிம்மதி தரவில்லை. சொல்லாமல் அடங்குகிற எதையும் நான் நம்புகிறவன் இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் திருச்சியிலிருந்து அண்ணியின் அண்ணன் வந்து சேர்ந்தார். தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். புருஷன் இல்லாத ஊரில் தங்கை ஜீப் ஓட்டிக்கொண்டிருப்பது அவருக்கு மானப் பிரச்சினை. வண்டியை விற்று, கடையை மூடி, அவளைத் தன்னோடு கூட்டிப்போவது என்று முடிவெடுத்துவிட்டே ரயில் ஏறியிருந்தார். அங்கே அண்ணிக்கு ஒதுக்கிவைத்திருந்தது பின்கட்டு அறை ஒன்று. அந்த அறைக்குப் பக்கத்திலேயே சமையல்கட்டு. யார் சமைப்பது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

ஜீப்பின் சத்தம் அவருக்கு வரம் போலக் கிடைத்தது. ஒருநாள் எங்களோடு ஆனேக்கல் வந்தவர், நாங்கள் தோட்டத்தில் பூ எடை போட்டுக்கொண்டிருந்தபோது, வண்டியைத் தானே ஊருக்குள் ஒரு மெக்கானிக்கிடம் ஓட்டிப்போனார். திரும்பி வந்ததும் சாவியை அண்ணியின் கையில் கொடுக்காமல் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“என்ஜின் காலியாம் பாப்பா. மெக்கானிக்கே சொல்லிட்டான். ‘காலி ஹோக்தா இதெ’ன்னான். கன்னடம் தெரியாதுன்னாலும் இதுகூடவா புரியாது? காலி, போகுதுங்கறான்.”

அன்று மாலையே தெரிந்த ஒருவரிடம் பேசி, ஞாயிற்றுக்கிழமை வந்து வண்டியை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அண்ணி மறுத்துப் பேசவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. எதற்கும் ஒரு வார்த்தை வைத்திருக்கிறவர், அன்று ரோஜாக் காம்பிலிருந்து முள்ளைக் கிள்ளிக்கொண்டே இருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை வண்டியைக் கிளப்பினோம். பூ எடுக்க வேண்டுமே என்று அண்ணியின் அண்ணன் சாவியை ஒருநாளைக்கு விட்டுக்கொடுத்திருந்தார். டிக், டிக். பொம்மனஹள்ளி தாண்டியது, அடங்கியது. நான் என் வாழ்நாளில் அதுவரை யாருக்கும் எதிராக ஒரு கட்சி பேசியதில்லை. அன்று வாய் தானாகத் திறந்தது.

“அண்ணி, சாகப்போற என்ஜின்னா ஓட ஓட நோவு ஏறணும். இது ஓட ஓட கொறையுது. செத்துப்போறவன் எவனாவது நடக்க நடக்கத் தெம்பாவானா?”

அண்ணி வண்டியை ஓரங்கட்டினார். என்னைத் திரும்பிப் பார்த்தார். “அந்த மெக்கானிக் மேஸ்திரி வாயால நானே கேக்கணும்” என்றார். தோட்டத்துக்கு முன்னால் மெக்கானிக்கிடம் போனோம்.

மேஸ்திரி நடுவயதுக்காரர். டீ கிளாஸோடு வந்து வண்டியை அடையாளம் கண்டுகொண்டார். என்ஜின் காலியென்று சொன்னீர்களாமே என்று அண்ணி கன்னடத்தில் கேட்டதும் அவருக்குக் கோபமே வந்துவிட்டது. பானெட்டைத் திறந்து, புகைக்குழாய் என்ஜினோடு சேருகிற இடத்தில் படிந்திருந்த கரியை விரலால் தொட்டுக் காட்டினார்.

“இல்லி காளி ஹோக்தா இதெ அந்தெ! காலி யாரும்மா சொன்னது? காளி! காத்து, காத்து! சாயங்காலம் வரைக்கும் வண்டியை விடுங்கன்னேன். அந்தப் பெரியவர் கையை வீசிக்கினு போயிட்டாரு.”

நானும் அண்ணியும் ஒருவரையொருவர் பார்த்தோம். கன்னடத்தில் காற்றைக் ‘காளி’ என்பார்கள். முதல் எழுத்தைக் ‘கங்கை’ என்பதன் முதல் எழுத்துபோல அழுத்திச் சொல்வார்கள். ‘இங்கே காற்று போகிறது’ என்றுதான் மனிதர் சொல்லியிருக்கிறார். பிறந்ததிலிருந்து இந்த ஊரில் கன்னடம் பேசுகிற நாங்கள் இரண்டு பேரும், திருச்சிக்காரர் சொன்ன ‘காலி’யைத் தமிழாகவே கேட்டுக்கொண்டு மூன்று நாள் துக்கம் அனுசரித்திருக்கிறோம். அண்ணி சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். “காளி ஆத்தா காப்பாத்திட்டாடா தம்பி. ஃபாதர்கிட்ட மட்டும் சொல்லிடாத.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேஸ்திரி சொல்வது மட்டும் நிஜம் என்று என்ன நிச்சயம்? “கண்ணால பாக்கணும்” என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “என்ஜின் ஆறட்டும்” என்றார். வண்டியை அங்கேயே விட்டு, தோட்டத்துக்கு நடந்துபோய்ப் பூக்கூடையோடு திரும்பினோம். நண்பகலில் ஆறிய என்ஜினைக் கிளப்பச் சொன்னார். டிக், டிக். கூடையிலிருந்து ஒரு ரோஜா இதழைக் கிள்ளி, குழாயின் இணைப்பு அருகே பிடித்தார். ஒவ்வொரு டிக்குக்கும் இதழ் துடித்தது. கைக்குழந்தையின் உச்சிக்குழி துடிப்பது போல. நடுவில் இருந்த பேக்கிங் தகடு ஒரு மூலையில் தீய்ந்து, அந்த இடுக்கு வழியாகப் புகை சுண்டிச் சுண்டி வெளியே வந்துகொண்டிருந்தது. இரும்பு சூடாகி விரிந்தால் இடுக்கு மூடிக்கொள்ளும்; சத்தமும் அடங்கும். என் காது கேட்டது அத்தனையும் சரி. அன்றே புதுப் பேக்கிங் போட்டார். பழைய தகட்டை அண்ணி கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து தெரு நிறைய ஆட்கள். வண்டியை எடுக்க வந்தவரும் அண்ணியின் அண்ணனும் ஜீப்பின் முன்னால் நின்றார்கள். “காலையில கேட்டாத்தான் இதோட லட்சணம் தெரியும்” என்று அண்ணிக்குக் கேட்கச் சொல்லிக்கொண்டே அண்ணியின் அண்ணன் சாவியைப் போட்டார். என்ஜின் ஓடியது. டிக் இல்லை. மறுபடி அணைத்து மறுபடி கிளப்பினார். இல்லை. வந்தவர் முகம் மலர்ந்து, “நல்லாத்தானே இருக்கு, எடுத்துக்கறேன்” என்றார். சத்தம் போனால் போதும் என்று நினைத்திருந்தேன்; சத்தம் போனதாலேயே வண்டி போகும் என்று நினைக்கவில்லை. நான் கவலைப்பட மறந்த ஒரே விஷயம் அதுதான்.

“வண்டி நல்லாயிருக்குல்ல, அப்ப குடுத்துடலாம்” என்றார் அண்ணியின் அண்ணன்.

அப்போது பேசியது நான். எப்படிப் பேசினேன் என்று இன்றும் தெரியாது. “அண்ணே, காலின்னுதானே விக்கச் சொன்னீங்க. காலி இல்ல. அப்புறம் எதுக்கு விக்கணும்?”

“எட்டாங்கிளாஸ் தாண்டாதவன் எனக்கு என்ஜினைப் பத்திச் சொல்றியா?”

வாத்தியார் முன்னால் எழுந்து நின்றது போலவே இருந்தது. ஆனால் இந்தத் தடவை நான் உட்காரவில்லை. “என்ஜினைப் பத்திச் சொல்லல அண்ணே. எங்க அண்ணன் அண்ணிய விட்டுட்டுப் போனாரு. நாங்களும் அவங்கள விட்டு அனுப்பறதா இல்ல.”

அண்ணி நேராகப் போய், ஓடுகிற வண்டியின் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஹாரனை ஒரு அடி அடித்தார். “அண்ணா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. கடை திறக்கணும்.”

அவர் தள்ளி நின்றார்.

அதற்குப் பிறகு அண்ணி அந்த ஜீப்பைப் பதினோரு வருடம் ஓட்டினார். கடைசியில் உண்மையாகவே என்ஜின் காலியானபோது, அதையும் நான்தான் முதலில் கேட்டேன். அண்ணி உடனே நம்பினார். இப்போது பூ எங்களைத் தேடி வேனில் வருகிறது. போன மாதம் அந்த வேனில் ஏதோ உரசுகிறது என்றேன். டிரைவர், கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை என்றார். நாலு பேர் முன்னால், “இன்னொரு தடவ பாருங்க” என்றேன். என் பயம் போகவில்லை. போகவும் வேண்டாம். அதை ஒளித்துவைப்பதைத்தான் விட்டுவிட்டேன்.

நேற்றும் ஒரு அம்மாள் மெழுகுவர்த்தியோடு நின்று, சுவரைக் காட்டி, ‘அது என்ன?’ என்றார்.

“காளி” என்றேன்.

வேதக்காரர் கடையில் காளியா என்று அவர் முகம் சுளித்தார். அண்ணி எப்போதும் செய்ததுபோல நானும் விளக்கம் சொல்லவில்லை. தகட்டின்மேல் படிந்த தூசியைத் தட்டி, அதே ஆணியில் மறுபடி மாட்டினேன்.